ஓங்கிய கை

படத்தில் மூன்று பேர். ஒரு படைவீரன், அவன் காலடியில் மண்டியிட்ட ஒரு பெண், ஓரத்து இருட்டில் பாதி முகம் மட்டும் தெரியும் ஒரு வேலைக்காரி. வீரனின் இடது கை பெண்ணின் முடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறது. வலது கை தலைக்கு மேலே, கத்தியோடு. மேல் மூலையில் எங்கிருந்தோ திடீரென்று ஒரு வெளிச்சம் விழுகிறது. வெட்டப் போனவன் நிமிர்ந்து அதைப் பார்க்கிறான். வெட்டுவானா விடுவானா என்பதைப் பார்க்கிறவன் பாடு என்று விட்டுவிட்டான் வரைந்தவன். முந்நூறு வருஷத்துக்கு மேலான படமாம். வரைந்தவன் பெயர் யாருக்கும் தெரியாதாம்.

அதை ஆள் உயரத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் திரும்பப் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டவர் ஓர் ஓட்டல் மேனேஜர். கையில் கொடுத்தது ஒரு அச்சுத்தாள்.

"இது பரோக் ஸ்டைல், ஐரோப்பாவோட பழைய பாணி. இருட்டு நிறைய இருக்கணும். உள்ள வர்றவன் ஒரு நிமிஷம் நடுங்கணும்" என்றார்.

சாப்பிட வருகிறவன் எதற்கு நடுங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேலை வேலைதான்.

அச்சுத்தாளில் இருட்டு நிறையவே இருந்தது. அதுதான் தொல்லை. பாதிக்கு மேல் வெறும் கறுப்பு மை. விரல்கள் முடிக்குள் எப்படிப் போகின்றன, பெண்ணின் கழுத்து எந்த இடத்தில் திரும்புகிறது, ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை மனதிலிருந்து எடுத்துப் போடுகிற ஆள் நானில்லை. இருபது வருஷம் சாரத்தில் தொங்கிச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன். எதிரில் இருப்பதைத்தான் என்னால் போட முடியும். ஆளை நிறுத்தி வரைவது என்று முடிவு செய்தேன்.

ஆளுக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. தங்கச்சி புருஷன் இருந்தான்.

மாப்பிள்ளைக்குக் கறி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. உரித்துத் தொங்கவிட்ட முழுக் கிடாவைக் கொக்கியிலிருந்து தனி ஆளாகத் தோளில் வாங்கி இறக்குவான். ஆறு வருஷத்துக்கு முன் மூன்றாம் மாடிச் சாரம் சரிந்து நான் விழுந்தபோது, தெருவோடு போய்க்கொண்டிருந்தவன், என்னை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எனக்கு இடுப்பு எலும்பு போனது, உயிர் தங்கியது. சாரத்தை விட்டுப் படம் போட வந்தது அதற்குப் பிறகுதான். படுக்கையில் கிடந்த என்னைப் பார்க்க வந்துபோன பழக்கத்தில் என் தங்கச்சியைக் கேட்டான். நான் மறுபேச்சுப் பேசவில்லை. என்னைத் தூக்கிய கையில் அவளைக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தங்கச்சியை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பதை நெருங்கியும் பாப்பாதான். கல்யாணத்துக்கு முன் சலவைக்கடையில் பெரிய பெரிய விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டான். நன்றாக வைத்திருக்கிறான் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாரம் ஒரு நாள், ஞாயிறு மத்தியானம், இரண்டு பேரும் வந்து நிற்பது என்று பேச்சு. என் வீட்டு முன்னறைதான் பட்டறை. என் பொண்டாட்டி தையல்காரி. ஜன்னல்களுக்கு எல்லாம் கறுப்புத் துணி தைத்து ஆணியடித்தாள். மூன்று மணி வெயிலிலும் அறை கிணறாகிவிட்டது. இடது மூலையில் கழி நட்டு அதன் உச்சியில் ஒரே ஒரு பெரிய விளக்கு. அதன் எதிரே பலகை அடித்து மேடை. மேடையில் கால் வைக்க வேண்டிய இடத்தைச் சாக்கட்டியால் வரைந்து வைத்தேன். ஓங்கிய கை ஐந்து நிமிடத்தில் மரத்துவிடும் என்பதால், உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு நுனியில் வளையம் போட்டேன். மணிக்கட்டை அதில் சாய்த்துக்கொண்டால் நேரம் போவது தெரியாது. இருபது நிமிடம் நிற்க வேண்டும், திருகி வைத்த கடிகார மணி அடித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. அதுதான் கணக்கு.

முதல் ஞாயிறு, நான் செதுக்கி வைத்திருந்த மரக்கத்தியைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான்.

"மச்சான், இதை வெச்சு வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது. கோவப்பட்டு வந்தவன் கரண்டியோட வந்த மாதிரி இருக்கு."

"படத்துல யாரு வெட்டப் போறா மாப்ள?"

"வெட்டாட்டியும் வெட்டுற மாதிரி இருக்கணும்ல?"

வண்டிப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த தன் கத்தியை எடுத்து வந்தான். முழங்கை நீளம். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மரத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால் மழுங்கிக் கிடக்கும். இரும்பில் விழுந்தால் கோடாகப் பாயும். எனக்கு அந்தக் கோடு வேண்டியிருந்தது. சரி என்றேன்.

பாப்பா தோள் தெரியும் வெள்ளைச் சட்டையில் வந்து மண்டியிட்டாள். மாப்பிள்ளை அவள் தலையில் கை வைத்தான், பூ வைக்கிற மாதிரி.

"இறுக்கிப் பிடி மாப்ள. பொய்யாத் தெரியுது" என்றேன்.

"வலிக்கும் மச்சான்."

"இருபது நிமிஷம்தானே. பாப்பா, தாங்குவல்ல?"

அவன் கையை எடுத்து மறுபடி நீட்டினான். அந்தக் கை வந்து சேர்வதற்குள் பாப்பாவின் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இடது தோள் ஏறிக் காதை மறைத்தது. கண்கள் இறுக மூடின. அச்சுத்தாளின் கறுப்பு மைக்குள் நான் தேடிக்கொண்டிருந்த அத்தனையும் என் எதிரில் இருந்தது.

"அருமை! அப்படியே இரு, அசையாதே!" என்று கத்தினேன்.

அந்தக் குரலை இன்று நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப் போடத் தோன்றுகிறது.

அவர்கள் போன பிறகு என் பொண்டாட்டி, வெட்டுத்துணியைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவ கண்ணை எப்ப மூடினா, பாத்தீங்களா?"

"கை பட்டதும்."

"கை படுறதுக்கு முன்னாடி."

"நடிக்கச் சொன்னா நடிக்கிறா. தையல்காரிக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

அவள் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போனது என்னிடம் தோற்று அல்ல.

இரண்டாம் ஞாயிறு சதை நிறம் போடத் தொடங்கினேன். கேன்வாஸ் முழுக்க மெல்லிய பழுப்பில் இருட்டு காய்ந்து கிடந்தது. அதன் மேல் வெளிச்சம் படுகிற இடங்களை மட்டும் கனமான வண்ணத்தில் எழுப்பிக்கொண்டு வர வேண்டும். பாப்பாவின் கழுத்துக்கு வந்தேன். காதுக்குக் கீழே ஒரு நிழல். பழுப்பைத் தொட்டு வைத்தேன், சேரவில்லை. உற்றுப் பார்த்தால் அதில் மஞ்சள் இருந்தது. மஞ்சளுக்குள் பச்சை இருந்தது. பக்கத்தில் ஏதாவது பச்சைத் துணி தொங்கி அதன் சாயல் விழுகிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். அறையில் கறுப்பும் பழுப்பும் தவிர வேறு துணி இல்லை.

விளக்குக் கழியை ஒரு முழம் வலப்பக்கம் நகர்த்தினேன். மூக்கின் நிழல் நகர்ந்தது. தாடையின் நிழல் நகர்ந்தது. காதுக்குக் கீழே இருந்தது நகரவில்லை.

"என்ன மச்சான், விளக்கைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போறே?"

"ஒண்ணுமில்ல மாப்ள. வெளிச்சம் சரியில்ல."

கழியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். கழுத்தில் இருந்தது நிழல் இல்லை. நான்கு நீள்வட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்று. மறுபக்கம் ஒன்றே ஒன்று, பெரியது. மேடையில் நின்றவனின் இடது கையைப் பார்த்தேன். முடிக்குள் போயிருந்த நான்கு விரல்களையும் கட்டை விரலையும் பார்த்தேன். அளவெடுத்துப் பழகிய கண். அளக்க வேண்டியிருக்கவில்லை.

மணி அடித்தது. மாப்பிள்ளை வாசலில் போய்ச் சிகரெட் பற்றவைத்தான். கதவைத் திறந்தே வைத்து, உள்ளே பார்த்தபடிதான் நின்றான். சட்டையில் ஓர் இடம் பிடிக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும் என்று சொல்லி என் பொண்டாட்டி பாப்பாவைச் சமையலறைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிரஷ்களை டர்பன்டைனில் அலசினேன். ஒரே பிரஷைத்தான் திரும்பத் திரும்ப அலசினேன்.

"முதுகுல இது எப்போ?"

"விடுங்க அண்ணி."

"எப்போன்னு கேட்டேன்."

"எதைன்னு சொல்றது, எல்லாம் கலந்து கிடக்கு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அண்ணன் போய் எதாவது கேட்டா, அன்னிக்கு எனக்குத்தான் விழும்."

"ஸ்டேஷனுக்குப் போனியா?"

"போனேன். அவருக்கே போன் போட்டு வரவழைச்சு, கூட்டிட்டுப் போப்பான்னு அனுப்பிட்டாங்க. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாம வந்தாரு. பேசாம வந்தா என்னன்னு எனக்குத்தான் தெரியும்." கொஞ்ச நேரம் ஊசி போகிற சத்தம் மட்டும். "அன்னிக்கு இந்தக் கத்தியைத்தான் கழுத்துல வெச்சாரு. இன்னொரு தடவை என்னைக் கேக்காம வாசல் தாண்டினா அதோட சரின்னாரு. சும்மா சொல்றவரு இல்ல அண்ணி. வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டுப் போட்டுட்டுத்தான் போறாரு. இங்க வர்றப்பதான் பூட்டு இல்ல."

என் பொண்டாட்டி அழவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. ஒரு சட்டைக்கு எத்தனை மீட்டர் என்று கேட்கிற குரலில், "ஞாயித்துக்கிழமை மூணரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள்.

சலவைக்கடையில் பாப்பாவோடு வேலை பார்த்த ஒருத்தி வேறு ஊரில் தனியாக இருந்தாள். பஸ் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. பஸ் கிளம்பிப் பத்து நிமிடத்தில் பாலம் வரும். பாலம் தாண்டினால் சாலை மூன்றாகப் பிரியும். அதற்குப் பிறகு எந்த பஸ், எந்த ஊர் என்று ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு முன் என்றால், வண்டியில் போனால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். பாப்பா போனைக் கொண்டுபோகக் கூடாது, அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பாலம் தாண்டியதும் பக்கத்தில் இருப்பவரிடம் போனை வாங்கி எங்கள் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு தையல் பிரித்துப் போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. அன்று இரவு எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்.

"அடுத்த ஞாயிறு அவரை நிக்க வைங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அவரை நிக்க வைங்க."

"அவன் கையில கத்தி இருக்கும்டி."

"இறுக்கிப் பிடின்னு சொன்னீங்கல்ல? அந்த வாயால நில்லுன்னு சொல்லுங்க."

அந்த வாரம் நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து விழும்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. அது இரண்டு விநாடி. இது ஏழு நாள். வெள்ளிக்கிழமை, உடம்பு சரியில்லை, இந்த வாரம் வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லப் போனை எடுத்தேன். என் பொண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். வண்டியை வாசலில் நிறுத்தி, கத்தியைச் செய்தித்தாளிலிருந்து உருவிக்கொண்டே உள்ளே வந்தான் மாப்பிள்ளை.

"என்ன மச்சான், மூஞ்சி செத்துக் கிடக்கு? அக்கா அடிச்சாங்களா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். பாப்பாவும் சிரித்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னிக்கு உன் முகமும் ஓங்கின கையும் மட்டும்தான் மாப்ள. இவ வேணாம். முடிக்குப் பதிலா இதைப் பிடிச்சுக்கோ." சணல் நாரைக் கத்தையாகக் கட்டி ஸ்டூலில் வைத்திருந்தேன். "அவ இங்க நாற்காலியில உக்காந்திருக்கட்டும்."

"எங்க?"

"இதோ, எனக்குப் பக்கத்துல."

அவன் சாக்கட்டிக் கோட்டுக்குள் காலை வைத்தான். மணிக்கட்டை வளையத்தில் சாய்த்து முகத்தை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தான். முந்தின நாள் நானே அங்கே போய் நின்று பார்த்திருந்தேன். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அறையில் வேறெதுவும் இல்லை. என்னுடைய கேன்வாஸ்கூடத் தெரியாது. காது மட்டும் இருக்கும்.

மணி மூன்று இரண்டுக்கு நிற்கத் தொடங்கினான். நான் பிரஷை எடுத்தேன். கை நடுங்கியதில் நுனி கேன்வாஸில் டொக்கு டொக்கென்று தட்டியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையோ இழுத்தேன். நெற்றி என்று நினைத்து இழுத்தது காதில் போய் முடிந்தது.

"ஏய், இருக்கியா?" என்றான், தலையைத் திருப்பாமல்.

"இருக்கேன்" என்றாள் பாப்பா.

என் பொண்டாட்டி வெறுங்காலோடு சமையலறையிலிருந்து வந்தாள். பாப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"என்ன சத்தம்?"

"நாற்காலி. தாடையை ஆட்டாதே மாப்ள, நிழல் மாறுது."

பாப்பா என்னைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. பின்பக்கச் சந்துக் கதவின் தாழ்ப்பாளுக்குக் காலையிலேயே ஆளிவிதை எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். சத்தம் வரவில்லை. திரைக்கு அடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் வந்து, போனது. என் பொண்டாட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி மூன்று எட்டு.

மூன்று பதினைந்துக்கு அவன் மறுபடியும், "ஏய்" என்றான்.

என் பொண்டாட்டி என்னைப் பார்த்தாள்.

"ஏய், உன்னைத்தான்."

"பேசக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன்" என்றேன். "நீ கூப்பிடுறப்ப கழுத்து நரம்பு இறங்கிடுது. கல்லு மாதிரி நிப்பேன்னு நெனச்சேன் மாப்ள. நாலு வார்த்தை பேசாம நிக்க முடியல."

"பாரு, நிக்கிறேன் பாரு" என்றான். வாயை மூடிக்கொண்டான்.

முழு ஏழு நிமிடம் நின்றான். அசையவே இல்லை. சொல்லக் கூசினாலும் சொல்கிறேன், அப்படி ஓர் உடம்பு வெளிச்சத்தில் நின்று நான் பார்த்ததில்லை. தோளிலிருந்து முழங்கை வரை ஒவ்வொரு கட்டும் தனித்தனியாக எழுந்து நின்றது. என் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. அதனால்தானோ என்னவோ அந்தத் தவறைக் கவனிக்கவில்லை. அவன் நின்றவுடன், எப்போதும் செய்கிறபடி, மணியை இருபது நிமிடத்துக்கு நானே திருகி வைத்திருந்தேன்.

மூன்று இருபத்திரண்டுக்கு மணி அடித்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் மாப்ள..."

"மணி அடிச்சா அடிச்சதுதான். கண்ணு எரியுது."

கையை வளையத்திலிருந்து எடுத்துவிட்டான். மேடையிலிருந்து இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். நான் அந்தக் கண்கள் இருட்டுக்குப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கேன்வாஸின் விளிம்பு. பிறகு நான். பிறகு நாற்காலி.

"அவ எங்க?"

"நூல் தீந்துபோச்சு. கடைக்கு அனுப்பினேன்" என்றாள் என் பொண்டாட்டி.

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேட்டு. என் வீட்டுல நூல் தீந்தா நான்தானே அனுப்பணும்?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கத்தியோடு வாசலுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைத் தெரு காலியாகக் கிடந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு தன் வண்டியைப் பார்த்தான். திரும்பி வந்து ஆணியில் தொங்கிய பாப்பாவின் பையை எடுத்துத் திறந்தான். போன் இருந்தது. அவன் போட்டு வைத்த வீட்டுச் சாவியும் இருந்தது. கொஞ்சம் தணிந்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒருத்தி போக முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"எந்தக் கடை? நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

மணி மூன்று இருபத்தைந்து. கடைக்குப் போகிற வழியில்தான் பஸ் நிலையம். ஏதாவது சொல்ல வேண்டும். கெஞ்சினால் தெரிந்துபோகும். தடுத்தாலும் தெரிந்துபோகும்.

"போயிட்டு வா மாப்ள. எப்படியும் இன்னிக்கு வேலை ஆகாது" என்றேன். "கை நடுங்குது."

"உனக்கு எப்பவும் நடுங்குறதுதானே?"

"எனக்கில்ல. உனக்கு."

நின்றான்.

"எனக்கா?"

"கடைசி அஞ்சு நிமிஷம் நல்லாவே நடுங்குச்சு. கயிறு இருந்தும் நடுங்குச்சு. அதனாலதான் இந்த இடம் இப்படி வந்திருக்கு, பாரு." காதில் போய் முடிந்த அந்தக் கோட்டைக் காட்டினேன். "விடு. வயசாகுதுல்ல? நம்ம ஓட்டல்காரர்கிட்ட சொல்லி ஒரு சின்னப் பையனைப் பாத்துக்கிறேன்."

கேன்வாஸின் பக்கத்தில் வந்து பார்த்தான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. கத்தி என் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் முழுக் கிடாவை ஒத்தைக் கையில பிடிச்சு நிக்கிறவன் மச்சான்."

"அது கிடா. இது சும்மா நிக்கிறது. சும்மா நிக்கிறதுதான் கஷ்டம்."

அவன் மேடையில் ஏறினான். வளையத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து ஒதுக்கிக் கழியில் சுற்றினான்.

"கயிறு வேணாம். எடு பிரஷை. அவ வரட்டும். வர்ற வரைக்கும் கையை இறக்க மாட்டேன். வந்ததும் அவகிட்ட கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

கத்தியை ஓங்கினான். நான் வரைந்தேன்.

மூன்று முப்பது. பஸ் கிளம்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ். டிரைவர் டீ குடித்து முடித்து, வெற்று பஸ்ஸை எடுக்க மனமில்லாமல் இன்னும் நாலு பேருக்காகக் காத்திருப்பான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் வெளியே தெரியுமே, உள்பக்கம் உட்காரச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே அவன் மணிக்கட்டை வரைந்தேன்.

"நூல் எங்க விக்கிறாங்க மச்சான்? பஞ்சு விளையிற இடத்துலயா?"

"ஞாயித்துக்கிழமை. கடை திறந்திருக்கணுமே."

"ம்."

முப்பத்தைந்து. அவன் அக்குளிலிருந்து வியர்வை விலா வழியே ஓடியது. கத்தியின் நுனி லேசாக ஆடத் தொடங்கியது. அதன் மேல் விழுந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைக் கோடாக ஏறி இறங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டான். பல்லைக் கடித்து அடக்கினான். என்னிடம் தோற்கக் கூடாது என்று நின்றான். அவள் வரும்போது இந்தக் கை இப்படியே இருக்க வேண்டும் என்றும் நின்றான். எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் முகத்தில் கடைசியில் ஒரு பயமோ வருத்தமோ தெரிந்தது என்று எழுத ஆசைதான். தெரியவில்லை. காத்திருக்கிறவன் முகம்தான் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனுக்கும் அதே முகம்தான் இருக்கும். அதை அப்படியே போட்டேன்.

நாற்பது. நாற்பத்திரண்டு. என் பொண்டாட்டி நாற்காலியை விட்டு அசையவில்லை. மடியில் துணி வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது, அதை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பவில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன். யாரோ பார்த்துவிட்டார்கள், அல்லது அவளே பயந்து இறங்கிச் சந்து வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். இதோ கதவு திறக்கும். கத்தி அவளுக்காகத் தயாராக மேலே நிற்கிறது. நிறுத்தி வைத்தது நான்.

சமையலறையில் போன் ஒரு முறை ஒலித்தது. நின்றுவிட்டது.

என் பொண்டாட்டி எழுந்து போனாள். திரையைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தலையசைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. திரையைப் பிடித்தபடியே மெல்ல தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு அது?" என்றான் அவன்.

தலையைத் திருப்பாமலே மறுபடியும் கேட்டான்.

"மச்சான், யாரு அது?"

நான் பிரஷைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மேடைக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றேன். அதற்கு ஏழெட்டு அடி. அதை நடந்து முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓங்கிய கை இறங்கியது, மெதுவாக, மரத்துப்போன கை இறங்குகிற மாதிரி. கத்தி மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

"எங்க போயிருக்கா?"

என் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவன் அதைப் பார்த்தான். மறைக்க நான் முயலவில்லை.

"எங்கன்னு மட்டும் கேக்காத மாப்ள" என்றேன். "வேற எது வேணா கேளு."

அவன் பலகையை விட்டு இறங்கினான்.